சோபாவின் சொந்த ஊர்

சிக்கசந்திரம் நகராட்சியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. குறை சொல்ல அங்கேயே தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. மாடியில் இருக்கிறது, எப்போதும் பூட்டியிருக்கும். நான் சொல்ல வந்தது வேறு. தன் வீட்டிலிருந்த ஒரு பழைய சோபாவைச் சட்டப்படி வெளியே அனுப்ப ஆசைப்பட்ட ஒரு மனிதன் எப்படியெல்லாம் பயந்தான் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவன் பெயர் சுடலைமுத்து. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை மெஷினில் அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் வேலை. ஓசூருக்கும் கர்நாடக எல்லைக்கும் நடுவிலிருக்கும் சிக்கசந்திரத்தில் வாடகை வீடு. கல்யாணமாகி ராசாத்தியைக் கூட்டிவந்த காலத்திலிருந்து கான்ட்ராக்ட் தொழிலாளிதான். இப்போது கம்பெனி மனசு வைத்து அவனைப் பெர்மனன்ட் ஆக்கப்போவதாகச் சொல்லியிருந்தது. அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, அவன் மேல் எந்த வழக்கும் இல்லை என்று போலீஸ் சொல்ல வேண்டும். விசாரிக்க ஒரு காவலர் வீட்டுக்கு வருவார், எந்த நாள் என்று சொல்ல மாட்டார்கள்.

சுடலைமுத்து அதுவரை ஒரு தப்பும் செய்தவனில்லை. அதனாலேயே அவனுக்குப் பயம் அதிகம். தப்புச் செய்தவனுக்குத் தான் செய்தது எது என்று தெரியும், அதற்கு மட்டும் பயந்தால் போதும். ஒன்றும் செய்யாதவன் எல்லாவற்றுக்கும் பயந்தாக வேண்டும். நிபந்தனையைக் கேட்ட நாள் முதல் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போதும் ஹெல்மெட் போட்டான். கம்பெனி பஸ்ஸில் தும்மல் வந்தாலும் பக்கத்து ஆளிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் தும்மினான்.

"அதெல்லாம் இருக்கட்டும். போலீஸ்காரவ வந்தா எங்கன உக்காருவாவ?" என்று ராசாத்தி கேட்டாள்.

நியாயமான கேள்வி. வீட்டில் உட்கார இருந்தது ஒரு சோபா. பெங்களூரு அடுக்குமாடிக்காரர்கள் வீட்டுச் சுவருக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும்போது சோபாவையும் மாற்றிவிடுவார்கள். அந்தப் பழைய சோபாக்கள் டெம்போ ஏறி எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்து, பிரஸ் ஷாப் ஆட்களும் வெல்டர்களும் குடியிருக்கும் வீடுகளில் புதுச் சோபாவாக உட்காரும். சிக்கசந்திரத்தில் சோபா இருக்கிற எல்லா வீட்டிலும் இப்படி வந்த சோபாதான். அவற்றைக் கொண்டுவந்து விற்பவர் அதே தெருவில் கடை வைத்திருக்கும் பஷீர் அஹமது. சுடலைமுத்து வீட்டுச் சோபாவும் அவர் கொடுத்ததுதான். இப்போது அதன் நடுவில் பெரிய பள்ளம், பள்ளத்தின் நடுவில் ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்குக் கீழே ஒரு எலி.

சுடலைமுத்து பஷீரிடம் போய்த் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னான்.

"அய்யோ வேணாம்பா. எலி குடும்பம் நடத்தினு கெடக்குது. நான் எடுத்தா கடையில இருக்கற மத்த சோபாவுக்கும் குடி வந்துரும்" என்றார் பஷீர். "டெம்போ தரன், ஏரிக்கரையில போட்டுட்டு வந்துரு. ஊரே அங்கதான் போடுது."

"போலீஸ் விசாரணை இருக்கு பாய். ஏரியில போட்டு எவனாச்சும் பாத்துட்டாம்னா?"

"ஏரியில சோபா போட்டதுக்கு எவன்பா கேஸ் போட்டான்?" என்று பஷீர் சிரித்தார். அவர் சிரித்தது அதுதான் கடைசி. இந்தக் கதையில் இனிமேல் அவர் சிரிக்க மாட்டார்.

அன்றைக்கென்று பார்த்து நகராட்சியின் ஆட்டோ பாட்டுப் பாடிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. "அன்பார்ந்த பொதுமக்களே! உங்கள் இல்லத்தில் உள்ள பழைய சோபா, மெத்தை, கட்டில், பீரோ ஆகியவற்றை ஏரியில் வீசாதீர்கள். வீசினால் வழக்குப் பாயும். ஒரு விண்ணப்பம் போதும், நகராட்சியே உங்கள் வீடு தேடி வந்து அகற்றும்" என்றது. பயந்தவன் காதுக்குள் 'வழக்கு' என்ற ஒரு சொல் மட்டும் போய்த் தங்கிக்கொண்டது. மறுநாள் முதல் ஆளாக நகராட்சி அலுவலகத்தில் நின்றான்.

சோபா, கட்டில் மாதிரிப் பெரிய சாமான்களை அகற்றும் பருங்கழிவுப் பிரிவுக்குச் சுகாதார ஆய்வாளர் பிரதாப்தான் பொறுப்பு. சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சில் ஒரு அவசரம் இருக்காது.

"கழிவு உங்களோடதா?"

"ஆமா சார்."

"ஒத்துக்கறீங்க" என்று சொல்லிக்கொண்டே பிரதாப் எழுதினார்.

சுடலைமுத்து எழுதியதை எட்டிப் பார்த்தான். ஒத்துக்கொள்ளும்படி என்ன செய்தோம் என்று யோசித்தான். பெயர், விலாசம், ஃபோன் நம்பர், சோபாவின் நீளம் அகலம் எல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

அடுத்த சில நாளில் பிரதாப்பே நேரில் வந்தார். கூடவே தூய்மைப் பணியாளர் பாப்பம்மா ஒரு சிவப்பு ரிப்பனைக் கொண்டுவந்து சோபாவைச் சுற்றிக் கட்டினாள். கட்டும்போதே மெதுவாக, "எதுக்கு சார் நீ ஆபீசுல போய்ச் சொன்னே? என்கிட்ட சொல்லியிருந்தா சும்மா எடுத்துப் போட்டிருப்பேனே" என்றாள். அதற்குள் முடிச்சு விழுந்துவிட்டது.

பிரதாப் விளக்கினார். "இப்ப இருந்து இது நகராட்சிப் பொருள். உங்க வூட்டுல இருக்குதே தவிர உங்களுது கெடையாது. இதுமேல உக்காந்தா அரசுப் பொருளை உபயோகப்படுத்தினதா ஆவும். துணி போட்டு மூடினா மறைச்சு வெச்சதா ஆவும். மழையில நனைஞ்சா சேதப்படுத்தினதா ஆவும். வண்டி வர்ற வரைக்கும் பத்திரமா பாத்துக்கணும்."

"அப்ப வாசல்ல வச்சிரட்டா சார்?"

"ரோட்டுல வெச்சா ஆக்கிரமிப்பு."

"உள்ளேயே கெடக்கட்டும்."

"கழிவை வூட்டுக்குள்ள தேக்கி வெக்கறது சுகாதாரக் கேடு. அதுக்கு வேற பிரிவுல நோட்டீஸ் வரும்."

"எங்கனதான் சார் வைக்க?"

பிரதாப் உண்மையாகவே யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. உள்ளும் இல்லாமல் வெளியும் இல்லாமல் ஓர் இடத்தைத் தேடி அவர் கண் வீட்டைச் சுற்றிவந்து கடைசியில் வாசற்படியில் நின்றது. பாதி உள்ளே, பாதி வெளியே என்று சோபாவை நிலைக்குள் செருகச் சொல்லி, சரியாகப் பாதியா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதன்பிறகு அந்த வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் வெளியே ஒரு முக்காலி, உள்ளே ஒரு முக்காலி. ஏறி, சோபா மேல் கால் படாமல் தாண்டி, இறங்க வேண்டும். ராசாத்தி குடத்துத் தண்ணீரை ஜன்னல் வழியாகச் சொம்பு சொம்பாக உள்ளே ஊற்றிக்கொண்டாள். சுடலைமுத்து ஷிப்டு முடிந்து வந்து, நிற்க முடியாத காலோடு முக்காலியில் ஏறும்போது, கால் தவறி சோபாவில் விழுந்துவிடுவோமோ என்று நடுங்கினான். அடிபடும் என்ற பயமில்லை. விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுவோமோ என்ற பயம்.

"இந்த நேரம் பாத்துப் போலீஸ்காரவ வந்தா நம்மள என்னன்னு நெனப்பாவ?" என்றாள் ராசாத்தி.

"பேசாம இருடி" என்றான். அவனும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

வண்டி வரவில்லை. மறுபடி பிரதாப்தான் வந்தார். அகற்றுவதற்கு முன் ஓர் ஆய்வு உண்டாம். சோபாவை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பார்த்தார், தட்டினார், முகர்ந்தார். பிறகு பாப்பம்மாவை விட்டுக் கவிழ்த்தார். அடிப்பலகையில், தூசுக்கும் எலிப் புழுக்கைக்கும் நடுவே, ஒரு லேபிள் ஒட்டியிருந்தது. பிரதாப் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"கன்னடம்" என்றார்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தெரு ஓரடி பின்னால் போனது. அந்தத் தெருவில் பாதிப் பேர் வீட்டில் பேசுவது கன்னடம்தான், மீதிப் பேர் சந்தையில் பேசுவது கன்னடம்தான். ஆனால் ஓர் அதிகாரி அதைச் சொன்ன விதத்தில் எல்லோருக்கும் அது ஏதோ வெடிப்பொருளின் பெயர் மாதிரி கேட்டது.

"இது எந்த மாநிலத்துச் சோபா?" என்றார் பிரதாப்.

"பெங்களூருல இருந்து வந்தது சார். இங்க எல்லார் வீட்லயும்..."

"மத்தவங்களப் பத்தி நான் கேக்கல. பிறமாநிலக் கழிவை உள்ள கொண்டுவர்றது எவ்ளோ பெரிய குற்றம் தெரியுமா? வழக்கு நேரா ஸ்டேஷனுக்குப் போவும்."

பெர்மனன்ட் ஆர்டர் ஒரு காகிதமாகச் சுடலைமுத்துவின் கண் முன்னால் பறந்து எல்லையைத் தாண்டிப் போனது. "வரும்போது கழிவு இல்ல சார். நல்ல சோபா. நாங்கதான் உக்காந்து உக்காந்து..." என்றான்.

பிரதாப் முகத்தில் மெல்ல ஓர் ஆர்வம் வந்தது. ஆய்வாளர் வேலையில் இப்படிப்பட்ட சிக்கல்கள் அடிக்கடி அமைவதில்லை. "அதாங்க கேள்வியே. இது எப்போ கழிவாச்சு? எல்லைக்கு அந்தாண்ட கழிவாகி இங்க வந்திருந்தா கடத்தல். இங்க வந்து கழிவாகியிருந்தா நம்ம கழிவு, தாராளமா எடுத்துக்கலாம். சாட்சி கொண்டாங்க. இது இந்த ஊருல சோபாவா இருந்தப்போ இதுமேல உக்காந்தவங்க யாராவது கையெழுத்துப் போடணும்" என்றார்.

சுடலைமுத்து வீடு வீடாகப் போனான். அந்தச் சோபாவில் உட்காராத ஆளே தெருவில் கிடையாது. தீபாவளிக்கு உட்கார்ந்திருக்கிறார்கள், கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள், சுடலைமுத்துவின் கல்யாண நாளுக்கு வந்து நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். இப்போது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் தனக்கு மூலம் இருப்பதால் பிறந்ததிலிருந்து எங்குமே உட்கார்ந்ததில்லை என்று சத்தியம் செய்தார்.

பஷீர் கடைக்குப் போனான். "பாய், நீங்க எத்தன தடவ மத்தியானம் அதுல படுத்துத் தூங்கியிருக்கிய? ஒரு கையெழுத்து."

பஷீர் முகம் வெளுத்திருந்தது. "முத்து, நான் தூங்கினா எனக்கே தெரியாதுப்பா. எங்க தூங்கினன்னு எப்படி கையெழுத்துப் போடறது?" என்றார். கடை வாசலில் 'பெங்களூரு சோபா மையம்' என்றிருந்த பலகையில் பெங்களூருவின் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தது. உள்ளே அவர் மனைவி ரஹமத் பீவி கடைச் சோபாக்களைக் கவிழ்த்துப் போட்டு லேபிள்களைத் தோசைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். தெரு முழுக்க அதே சத்தம் கேட்டது. பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வீடு சுரண்டினார்கள். இரண்டு நாள் கழித்து நகராட்சி புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியது. லேபிள் சுரண்டப்பட்ட சோபாக்கள் ஆதாரத்தை அழித்த சோபாக்களாகக் கருதப்படும் என்றிருந்தது. அன்று முதல் தெருவில் சுடலைமுத்துவிடம் யாரும் பேசவில்லை.

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். "பேசாம ஊருக்குப் போயிருவமா?" என்று ராசாத்தி கேட்டாள். இத்தனை வருடம் பிரஸ் மெஷினுக்குக் கை கொடுத்துவிட்டு, ஆர்டர் வாங்குகிற நேரத்தில் ஓடுவதா என்று நினைக்க அவனுக்கு அழுகை வந்தது. அழுதான். அழும்போதும் கண்ணீர் சோபாவில் விழாமல் தள்ளி நின்றுதான் அழுதான்.

சாட்சி கிடைக்காததால் விவகாரம் ஆணையரிடம் போயிற்று. பருங்கழிவுப் பூர்வீக நிர்ணயக் கூட்டம் என்று ஒன்று கூட்டப்பட்டது. சோபாவை நகர்த்தக் கூடாது என்பதால் அலுவலகம் நகர்ந்து வந்தது. சுடலைமுத்து வீட்டு வாசலில் சாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, மைக் வைத்தார்கள். ராசாத்தி ஜன்னல் கம்பி வழியாக ஒவ்வொரு டம்ளராக டீ கொடுத்தாள்.

அந்த நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. காக்கிச் சட்டை. "சுடலைமுத்து வீடு எது?" என்று கேட்ட காவலர், சாமியானாவையும் கூட்டத்தையும் பார்த்து ஷூவைக் கழற்றப் போனார். "எப்ப தவறிட்டாரு?"

"நான்தான் சார் சுடலைமுத்து" என்றான். சொல்லும்போது அவனுக்கே அது சந்தேகமாக இருந்தது.

"பெர்மனன்ட் விசாரணைக்கு வந்தன். இது என்ன கூட்டம்?"

"நகராட்சி... சோபா..." என்றான். காவலர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டார். ஆணையர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கூட்டத்தப் பாக்கறப்போ பெருமையா இருக்குது. தெனமும் எல்லை தாண்டி லாரி லாரியா குப்பை வந்து நம்ம ஏரியில கொட்டறாங்க. நீங்களும் பாக்கறீங்க. நானும் என் ரூம் ஜன்னல்ல இருந்து பாக்கறன். ஏன் பிடிக்கலன்னு கேப்பீங்க. எத வெச்சுப் பிடிக்கிறது? அந்த லாரிக்காரங்கள்ல ஒருத்தராவது முறைப்படி விண்ணப்பம் குடுத்தாங்களா? பேரு தெரியுமா, கதவு எண் தெரியுமா? இவரு குடுத்தாரு. எல்லா விவரமும் குடுத்தாரு. இந்த மாதிரி ஒத்துழைப்பு குடுக்கறவங்க மேல நடவடிக்கை எடுக்கலன்னா, வேற யாரு மேலதான் எடுக்க முடியும்?"

கூட்டம் கைதட்டியது. சுடலைமுத்துவும் தட்டினான். தட்டாவிட்டால் அதற்கும் ஏதாவது பிரிவு இருக்கும் என்று அவனுக்குப் பட்டது. காவலர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பதைப் பார்த்ததும் கைதட்டல் பாதியில் நின்றுபோனது.

உதவிப் பொறியாளர் சத்யப்ரியாவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. "சார், சாட்சி இல்லன்னா என்ன, பள்ளம் இருக்குதே. அது இவரு உக்காந்து விழுந்த பள்ளம்னா சோபா இங்க தேய்ஞ்சதுன்னு அர்த்தம். வேற ஆளோட பள்ளம்னா அங்கயே தேய்ஞ்சு வந்ததுன்னு அர்த்தம். அளந்து பாத்துரலாம்."

ஆணையர் மகிழ்ந்துபோனார். சுடலைமுத்துவை உட்காரச் சொன்னார்கள். அவன் உட்காரவில்லை. ரிப்பன் கட்டியிருக்கிறது, உட்கார்ந்தால் குற்றம் என்று ஆய்வாளர் சார் சொல்லியிருக்கிறார் என்றான். பிரதாப் அதை ஆமோதித்தார். உட்காராவிட்டால் விசாரணைக்கு ஒத்துழைக்க மறுத்ததாக ஆகும் என்று ஆணையர் சொன்னார். பிரதாப் அதையும் ஆமோதித்தார். கடைசியில் ஒரு தற்காலிக அமர்வு அனுமதி வழங்கப்பட்டு, சுடலைமுத்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

ஸ்பிரிங் குத்தியது. எலி பயந்து வெளியே குதித்து ஓடியது. தமிழ்நாட்டுப் பக்கமாக ஓடியதால் அதுவும் சாதகமான ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சத்யப்ரியா டேப்பை வைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளந்தார். நாள் முழுக்க ஒரே காலில் பிரஸ் மெஷினின் பெடலை மிதித்து வேலை செய்த உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காரும். பள்ளமும் அதே பக்கம் சாய்ந்திருந்தது.

"பொருந்துது சார். இவரு பள்ளம்தான்" என்றார்.

ஆணையர் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். "மேல ஒருத்தர் உக்காந்து எல்லையைக் கடந்தா அது தளவாடம். யாரும் உக்காராம சும்மா கடந்தா அது கழிவு. இது தளவாடமா வந்து, நம்ம எல்லைக்குள்ள உழைச்சுக் கழிவானது. இனிமேல் நம்ம ஊருல எல்லாச் சோபாவுக்கும் இதுதான் விதி."

காவலர் பேனாவை மூடினார். "கேஸ் ஒண்ணும் இல்லைல்ல? ரிப்போர்ட்ட அனுப்பிடறன்" என்று சொல்லிவிட்டு டம்ளரை ஜன்னலில் வைத்துப் போனார். ராசாத்தி உள்ளேயிருந்து ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

லேபிள் சுரண்டிய பயத்தில் அன்று சாயங்காலமே தெருக்காரர்களும் விண்ணப்பம் கொடுத்துத் தங்கள் சோபாக்களுக்கும் ரிப்பன் கட்டிக்கொண்டார்கள். மறுநாள் வண்டி வந்தது. திட்டத்தின் முதல் சோபாக்கள் என்பதால் தெருவில் ரிப்பன் கட்டிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரு விழாவாகவே நடத்தினார்கள். ஒவ்வொரு சோபாவின் முதுகிலும் மஞ்சள் பெயின்டில் 'முன்மாதிரிப் பயனாளி' என்று எழுதி, கீழே பெயரையும் ஃபோன் நம்பரையும் எழுதி, பக்கத்தில் அந்த ஆளை நிறுத்தி ஃபோட்டோ எடுத்தார்கள். ஆணையர் கொடியசைத்தார். சார், இதெல்லாம் எங்க கொண்டு போறாங்க என்று யாரோ கேட்டதற்கு, "அகற்றுறது வரைக்கும்தான் நம்ம திட்டம். அகற்றின பிறகு எங்க போவுதுங்கறது நம்ம அதிகாரத்துல வராது" என்று பணிவாகச் சொன்னார்.

வண்டி போனதும் சுடலைமுத்து வீட்டு வாசலைப் பார்த்தான். நிலை காலியாக இருந்தது. உள்ளே போனான், வெளியே வந்தான், மறுபடி உள்ளே போனான். ராசாத்தியும் சும்மா ஒரு தடவை போய்விட்டு வந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

அதற்கு மறுநாள் மத்தியானம் ஃபோன் அடித்தது. ஒரு பெண் குரல்.

"சுடலைமுத்து அவரா? நிம் சோபா இல்லி பித்திதே."

கம்பெனியில் கேட்டுப் பழகிய கன்னடம். உங்கள் சோபா இங்கே கிடக்கிறது என்கிறாள். பேசியவள் சாந்தம்மா, எல்லைக்கு அந்தப் பக்கமிருக்கும் ஒரு கிராமத்தின் பஞ்சாயத்து மெம்பர். இவன் தமிழ் என்று தெரிந்ததும் தமிழுக்கு வந்தாள். "ஏனப்பா, உங்க ஊரு குப்பையெல்லாம் எங்க ஊர்லதான் போடறதா? வந்து எடுத்துக்கொண்டு போ. இல்லாந்த்ரே போலீஸ்ல கேஸ் ஆகுத்தெ."

பஷீர் கடைக்கு ஓடினான். விஷயத்தைக் கேட்டதும் பஷீர், தன் கடைப் பெயரும் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில் டெம்போவை எடுத்தார். ஒரு மண் பாதையின் முடிவில், பள்ளத்தில், நகராட்சி அகற்றிய அத்தனை சோபாக்களும் கிடந்தன. எல்லாவற்றின் முதுகிலும் மஞ்சள் பெயின்ட் பளிச்சென்று இருந்தது. சாந்தம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"மத்தவங்க சோபா எல்லாம் கெடக்கே அம்மா. என்ன மட்டும் ஏன்?" என்று கெஞ்சினான்.

"எல்லாருக்கும் ஃபோன் மாடிதேன். நீ ஒருத்தன்தான் எடுத்தே" என்றாள்.

வேறு வழியில்லை. இருவரும் சோபாவைத் தூக்கி டெம்போவில் ஏற்றினார்கள். பெயின்ட் தெரியாமல் முதுகை டிரைவர் கேபினோடு ஒட்டி வைத்தார் பஷீர். வண்டி கிளம்பிய பிறகுதான் சுடலைமுத்துவுக்கு உறைத்தது. இத்தனை நாள் எந்தக் குற்றத்தை நினைத்து நடுங்கினானோ அதை இப்போது உண்மையாகவே செய்துகொண்டிருக்கிறான். கர்நாடகத்திலிருந்து கழிவை ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் வருகிறான். அதுவும் ரிப்போர்ட் அனுப்பியிருப்பார்களா இல்லையா என்று தெரியாத நேரத்தில்.

எல்லையில் புதிதாக ஒரு தடுப்புப் போட்டிருந்தார்கள். 'பிறமாநிலக் கழிவுத் தடுப்புக் குழு' என்று பேனர். பேனருக்குக் கீழே சுருக்கமில்லாத சட்டையோடு பிரதாப் நின்றார். முன்னால் நின்ற பெரிய குப்பை லாரி ஒன்றுக்கு வழிவிடச் சொல்லி அவரே ஊதலை ஊதினார். அடுத்தது டெம்போ.

சுடலைமுத்து யோசிக்கவில்லை. டெம்போவின் பின்னால் நின்றபடி வந்தவன் ஒரே தாவில் சோபாவில் ஏறி, தன் பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டான். ஸ்பிரிங் தொடையில் இறங்கியது. வலியைக் காட்டாமல் சிரித்தான்.

பிரதாப் பின்பக்கம் வந்து பார்த்தார். "சுடலைமுத்துதான? வேற சோபா வாங்கிட்டீங்களா?"

"ஆமா சார்."

"எந்த ஊரு?"

இன்னொரு பொய் வாயில் வந்தது, ஆனால் வெளியே வரவில்லை. "கர்நாடகா சார்" என்றான்.

பிரதாப் தன்னோடு நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "மேல ஆள் உக்காந்திருக்காரு. தளவாடம். விடுங்க" என்றார். பிறகு நெருங்கிவந்து, உண்மையான அக்கறையோடு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இப்படியே உக்காந்துக்கினு போங்க. எந்திரிச்சீங்கன்னா அப்பறம் என் கையில ஒண்ணுமில்ல."

டெம்போ தெருவுக்குள் வந்து வீட்டு வாசலில் நின்றது. ராசாத்தி ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பும் கண்ணீருமாக இருந்தது.

"ஏங்க, கம்பெனில இருந்து ஃபோன் வந்துச்சு. போலீஸ் ரிப்போர்ட் போயாச்சாம். நீங்க பெர்மனன்ட். நாளைக்குக் காலைல வந்து கையெழுத்துப் போட்டு ஆர்டர வாங்கிக்கணுமாம். இறங்குங்க, இறங்கி வாங்க."

சுடலைமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்தது. இதற்காகத்தான் அத்தனை வருடம் பெடல் மிதித்தான். தெருவைப் பார்த்தான். நகராட்சி ஆள் யாரும் கண்ணில் படவில்லை. அதனாலேயே இன்னும் பயமாக இருந்தது. சோபாவின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இறங்குங்கன்னா" என்று ராசாத்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவன் அசையவில்லை. கேபின் பக்கம் தலையைத் திருப்பி, மெதுவாகக் கேட்டான்:

"பாய், காலைல கம்பெனிக்கு இப்படியே கொண்டுபோய் விட்டுருவியளா?"